காட்டுத்தீப் புகை பட்ட திராட்சையை ஒயின் ஆலை என்ன செய்யும்?

கேள்வி:
கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் பல ஆலைகள் 2020 ஆம் ஆண்டுக்கான சிவப்பு ஒயினை வெளியிடவே இல்லை என்று படித்தேன். தீ நெருங்காத தோட்டங்களின் பழம்கூட ஒதுக்கப்பட்டதாம். பழத்தைக் கழுவிவிட்டுப் பிழிய முடியாதா? ஆலைகளுக்கு வேறு என்ன வழி இருந்தது என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
கழுவினால் சாம்பல் போகும், புகை போகாது. எரியும் மரத்திலிருந்து எழும் குவாயகால் போன்ற சேர்மங்கள் பழத்தோலுக்குள் புகுந்து சர்க்கரையோடு பிணைந்துகொள்கின்றன. பிணைந்த நிலையில் அவற்றுக்கு மணமில்லை என்பதால், பழத்தைச் சுவைத்துப் பார்த்து மட்டும் முடிவெடுக்க இயலாது. நொதிக்கும்போதும், ஒயின் முதிரும்போதும், ஏன், குடிப்பவரின் வாயிலேயும் அந்தப் பிணைப்பு அவிழ்ந்து, அணைந்த அடுப்பின் சாம்பலைத் தின்றது போன்ற சுவை தலைதூக்கும்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் மின்னலால் மூண்ட தீ ஒருபுறம்; செப்டம்பர் 27 அன்று தொடங்கிய 'கிளாஸ்' காட்டுத்தீ மறுபுறம். வெள்ளைத் திராட்சையில் பெரும்பகுதி இரண்டாவது தீக்கு முன்பே அறுவடையாகிவிட்டது. தாமதமாகப் பழுக்கும் கருந்திராட்சை வகையான கேபர்னே சாவிஞோன்தான் கொடியில் நின்று மாட்டிக்கொண்டது. நாபாவின் வருமானமே பெரிதும் அதை நம்பித்தான் இருக்கிறது.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தே வரவேண்டியிருப்பதால், சாறு தோலோடு சேர்ந்து நாள்கணக்கில் நொதிக்கிறது; புகையும் அதே வழியில் இறங்கிவிடுகிறது. ஆகவே கருந்திராட்சையைக் கையால் பறித்து, இலை கலக்காமல், குளிர்ந்த நிலையில் மென்மையாகப் பிழிந்து, தோலை உடனே நீக்கி ரோஸே எனப்படும் இளஞ்சிவப்பு ஒயினாக்குவது ஒரு வழி. கிளர்வூட்டிய கரியால் சுத்திகரிக்கலாம். ஆனால் அது நல்ல மணத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும். ஒயினை நுண்சவ்வின் வழியே அழுத்தி வடிக்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் முறை, சர்க்கரையோடு பிணையாமல் தனித்து நிற்கும் சேர்மங்களைக் குறைக்கும்; ஆனால் பிணைந்தவை தங்கிவிடுவதால் சில மாதங்களில் குறை திரும்பக்கூடும்.

என் மதிப்பில், அந்தப் பருவத்தின் அறிவார்ந்த செயல் வாளிச் சோதனைதான். ஆய்வகங்களில் மாதிரிகள் குவிந்து முடிவு வர வாரக்கணக்கில் ஆனபோது, சிறிதளவு பழத்தை வாளியில் முன்கூட்டியே நொதிக்கவைத்துச் சுவைத்த பிறகே தோட்டத்தை அறுப்பதா விடுவதா என்று தீர்மானித்தார்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. சோதனையில் தேறாத பழத்துக்கு யார் பொறுப்பு, ஆலையா, விவசாயியா?

பதில் 2:
அது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. எந்த அளவுக்கு மேல் புகை இருந்தால் பழத்தை மறுக்கலாம் என்று முன்பே எழுதிக்கொள்ளாத இடங்களில்தான் சச்சரவு மூளும். பயிர்க் காப்பீடு எடுத்த விவசாயிக்கு இழப்பில் ஒரு பகுதியாவது கிடைக்கும்.