72-ஐ எப்படிப் பிரிப்பது? வகுபடும் விதிகளும் போட்டித் தேர்வு அனுபவங்களும்

பதிவு 1

டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்போருக்கு மாலை வேளைகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். 3, 9, 11 ஆகியவற்றுக்கான வகுபடும் விதிகளைப் பெரும்பாலோர் தடையின்றி ஒப்பித்துவிடுவார்கள். சிக்கலெல்லாம் வகுக்கும் எண்ணைப் பிரிக்கும்போதுதான். அண்மையில், "42*3# என்னும் ஐந்திலக்க எண் 72-ஆல் மீதியின்றி வகுபடுமெனில் விடுபட்ட இலக்கங்கள் யாவை?" என்று பலகையில் எழுதினேன். 72 என்பது 6 × 12 தானே என்று கூறிய மாணவி ஒருவர், அவ்விரு எண்களாலும் சோதித்து, 42132 என்று விடை சொன்னார். அந்த எண் 6-ஆலும் 12-ஆலும் வகுபடத்தான் செய்கிறது. ஆனால், அதன் இலக்கங்களின் கூடுதல் 12. ஆகவே 9-ஆல் வகுபடாது, 72-ஆலும் வகுபடாது. 12-ஆல் வகுபடும் எந்த எண்ணும் 6-ஆல் தானாகவே வகுபட்டுவிடுவதால், அவர் 6-ஆல் செய்த சோதனை புதிதாக எதையும் சொல்லவில்லை.

1-ஐத் தவிர வேறு பொதுக்காரணி இல்லாத 8, 9 எனப் பிரித்தால் வழி திறக்கிறது. தெரிந்த இலக்கங்களின் கூடுதல் 9 என்பதால், விடுபட்டவற்றின் கூடுதல் 0, 9, 18 என்பவற்றுள் ஒன்றாக வேண்டும். கடைசி மூன்று இலக்கங்கள் 8-ஆல் வகுபட வேண்டும் என்னும்போது 030, 939 இரண்டும் கழிந்துவிடுகின்றன. கூடுதல் 9 வரும் இணைகளில் 336 மட்டுமே 8-ஆல் வகுபடுகிறது. விடை 42336. நான்கு விடைத் தெரிவுகளுள் 42132-உம் இருந்திருந்தால் வகுப்பில் பாதிப்பேர் அதைத்தான் குறித்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

பதிவு 2

வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. (GRE) தேர்வுக்குப் பயிலும்போது இதே வகை வினா ஒன்று எனக்கு வாய்த்தது. அத்தேர்வில் திரையிலேயே கணிப்பான் உண்டு என்றாலும், இரு அளவுகளை ஒப்பிடும் இத்தகைய வினாக்களில் அது பெரிதாக உதவுவதில்லை. ஒரு முழு (integer, பின்னமில்லாத எண்) 4-ஆலும் 6-ஆலும் வகுபடுகிறது. அதன் வர்க்கம் பெரியதா, 100 பெரியதா? 4, 6 ஆகியவற்றின் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) 12, அதன் வர்க்கம் 144, ஆகவே வர்க்கமே பெரியது என்று என் அறைத்தோழர் உடனே தீர்ப்பளித்தார். கணக்கில் பிழையில்லை. ஆனால், 0-உம் 4-ஆலும் 6-ஆலும் மீதியின்றி வகுபடும் முழுதான். அதன் வர்க்கமோ 100-ஐவிடச் சிறியது. எனவே, "தீர்மானிக்க இயலாது" என்பதே சரியான விடை. வினாவில் "மிகை முழு" என்று இருந்திருந்தால் அவருடைய விடையே சரியாகியிருக்கும்.