பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றபோது நடந்தது: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

திருச்சி அம்மா:
மகனுக்கு ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமை அவன் கை பட்டுக் கண்ணாடி டம்ளர் உடைந்தது. நான் அவசரத்தில் காய்கறித் தோலோடு சேர்த்து அள்ளி, ஒரே கவரில் போட்டுக் கட்டிவிட்டேன். மறுநாள் குப்பை வண்டி வந்தது. வண்டியில் வரும் அக்கா கவரைப் பிரித்து, மக்கும் குப்பையைத் தனியாகக் கொட்டுவார். கையை உள்ளே விட்டவர் "ஸ்ஸ்" என்று வெளியே இழுத்தார். கட்டை விரலுக்குக் கீழே ரத்தம். கையுறை போட்டிருந்தார், ஆனால் அது அந்த இடத்தில் ஏற்கெனவே கிழிந்திருந்தது. "பரவாயில்லம்மா, பழக்கம்தான்" என்றார்.

பஞ்சும் மருந்தும் எடுக்க உள்ளே ஓடினேன். மகன் வாசலிலேயே நின்று கேட்டான்: "அம்மா, இது நான் உடைச்சதாலயா, நீ போட்டதாலயா?" அக்காவுக்குக் கட்டுப் போட்டு, டி.டி. ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். அவன் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

நந்தியாவட்டை:
எங்கள் மாமியார் வீட்டுக் கொல்லைப்புறச் சன்னல் திட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்தே இருக்கும். யாருக்கு, எதற்கு என்று உங்களுக்கே தெரியும். நான் படித்த பாடப்புத்தகம் ஒவ்வொன்றிலும் "தீண்டாமை ஒரு பெருங்குற்றம்" என்று அச்சடித்திருந்தது. அந்தப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டித்தான் நானும் வளர்ந்தேன்.

போன கோடை விடுமுறையில் என் ஐந்து வயது மகள், மயில் படம் போட்ட தன் டம்ளரில் மோர் ஊற்றிக்கொண்டு போய், வேலை செய்யும் அக்காவிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். மாமியாரை அல்ல, என்னை. "பாப்பா, அவங்க டம்ளர்ல ஊத்திக் குடு" என்று சொன்னது நான்தான். மாமியார் வாயே திறக்கவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நந்தியாவட்டை, உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை அம்மா. குழந்தை எதிரே மாமியாரோடு சண்டை போட்டிருந்தால் அதன் மனதில் சண்டைதான் நின்றிருக்கும். ராத்திரி தனியாகப் பேசியிருக்கலாம், இப்போதும் பேசலாம்.

என் மனதை அரிப்பது வேறு. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் வெறுங்காலோடு வருவான். இன்னொருவன் தன் பழைய செருப்பைக் கொண்டுவந்து யாருக்கும் தெரியாமல் அவனிடம் கொடுத்திருக்கிறான். விஷயம் என் காதுக்கு வந்ததும் காலை வழிபாட்டில் இருவரையும் முன்னால் நிறுத்தி, எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். மறுநாள் அந்தப் பையன் மறுபடி வெறுங்காலோடு வந்தான். ஆண்டு முடியும்வரை அந்தச் செருப்பை அவன் போடவேயில்லை. பிள்ளைகள் ஓசையில்லாமல் செய்ததை நான் மேடை ஏற்றிக் கெடுத்துவிட்டேன்.

அம்பத்தூர்வாசி:
என் பையன் தெருநாய்க்கு பிஸ்கட் போடுவான். ஒருநாள் குட்டி போட்ட நாயிடம் நெருங்கிப் போய்விட்டான், கையைக் கடித்துவிட்டது. "பாவம், அது பயந்துடுச்சுப்பா" என்று அழுகைக்கு நடுவே சொன்னான்.

பிள்ளைகளை உயிர்களிடம் அன்பாக இருக்கச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். தூங்கும் நாய், தின்னும் நாய், குட்டியோடு இருக்கும் நாய், மூன்றின் பக்கத்திலும் போகக்கூடாது. சாக்லேட்டும் கிரீம் பிஸ்கட்டும் கொடுக்கக்கூடாது, சாக்லேட் நாய்க்கு விஷம். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் அப்பக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடுவதென்றால் முதல் நாள் ஊசிக்குப் பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில் போடுவார்கள். ரத்தம் வந்த காயத்துக்கு, காயத்துக்குள்ளும் சுற்றியும் ஊசியாகப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் உண்டு, அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். "சின்னக் கீறல்தானே" என்று ஒரு ஊசியோடு நிறுத்தாதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் அப்படித்தான் நிறுத்தப் பார்த்தார், சத்தம் போட்டு அழைத்துப் போனேன்.

திருச்சி அம்மா:
வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்தபின் மகனிடம் "நான் போட்டதாலதான்" என்று சொன்னேன். அவன் "ம்" என்றான், அவ்வளவுதான். நேற்று ஒரு பல்பு உடைந்தது. அவனே பழைய நியூஸ் பேப்பரில் நான்கு சுற்றுச் சுற்றி, பசை டேப் ஒட்டி, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் "கன்னாடி" என்று எழுதினான். எழுத்துப் பிழையைத் திருத்த மனம் வரவில்லை. அந்த அக்கா இந்த வாரம் வரவில்லை, வேறொருவர்தான் வாங்கிக்கொண்டு போனார்.

நந்தியாவட்டை:
வாத்தியார் ஐயா, சண்டை போடச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை. மோரை வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதற்குச் சண்டை தேவையில்லை. தனியாகப் பேசுவதென்றால் மாமியாரிடம் மட்டும் பேசினால் போதுமா? அந்த அக்கா பார்த்தது என்னை.

தீபாவளிக்கு மறுபடி போகிறோம். மகள் மயில் டம்ளரை இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டாள்.