வைர நாட்டில் பட்டதாரிகள் பெருகினால் வைரத்தை விட முடியுமா?

மாலதி_எகோ:
எம்.ஏ. பொருளாதாரத்துக்கு ஒரு கட்டுரை எழுதுறேன். கனிமத்தை நம்பி ஓடுற நாட்டுல காலேஜ் படிப்பு பரவினா அந்தச் சார்பு தானா குறையும்னு எங்க சார் அடிச்சுச் சொல்றார். எல்லாரும் நார்வேயையே காட்டுறாங்க. வேற நாட்டு அனுபவம் யாருக்காவது இருக்கா?

கபரோன்வாசி:
போட்ஸ்வானா தலைநகர்ல கணக்கியல் வாத்தியார் நான். உங்க சார் சொல்றது பாதிதான் சரி.

1966-ல் சுதந்திரம், அடுத்த வருஷமே ஒராபாவில் வைரம். சொந்தப் பல்கலைக்கழகம் கிடையாது. லெசோத்தோ, சுவாசிலாந்துன்னு பக்கத்து நாடுகளோட சேர்ந்து ஒண்ணு. 1975-ல் லெசோத்தோ கழன்டுக்கிச்சு. மறு வருஷம் சொந்தமா ஒண்ணு கட்ட ஊர் ஊரா வசூல், ஆளுக்கொரு மாடுன்னு. மாடு இல்லாதவங்க தானியம், முட்டைன்னு கொண்டாந்து கொடுத்தாங்க. பெரியவங்களைக் கேட்டா, கொடுத்த மாடு என்ன நிறம்னுகூடச் சொல்வாங்க! 1982-ல் போட்ஸ்வானா பல்கலைக்கழகம் வந்துச்சு.

பலன் இல்லாம இல்லை. 2013-ல் டி பியர்ஸ்ங்கிற பெரிய வைரக் கம்பெனி தன் கச்சா வைர விற்பனையை லண்டன்ல இருந்து இங்கே மாத்திச்சு. கல்லைத் தரம் பிரிக்கிற மேசையில உள்ளூர்ப் பிள்ளைங்க உட்கார்ந்திருக்காங்க. ஆனா ஏற்றுமதியில பெரும்பகுதி இன்னமும் வைரம்தான். பிள்ளைங்களோட ஃபீஸ், மாதாந்திர உதவித்தொகை ரெண்டையும் பெரும்பாலும் அரசுதான் கட்டுது, வைரக் காசுல. படிச்சு முடிச்சவங்க தேடுறதும் அரசு வேலை. ஆய்வகத்துல செய்யுற வைரம் வந்து விலை சரிஞ்சதும், என் வகுப்புல முதல் கேள்வியே "இந்த மாசம் பணம் வருமா?"ன்னுதான்.

ரெங்கா77:
ஒண்ணை விட்டுட்டீங்க. அரசும் டி பியர்ஸும் சேர்ந்து நடத்துற, இப்போ டெப்ஸ்வானான்னு சொல்ற வைரச் சுரங்கக் கம்பெனியில அரசுப் பங்கு 50 சதவீதம் ஆனது 1975-லயே. அப்போ நிதியமைச்சர் மசீரே. பட்டம் வாங்காதவர், பள்ளி வாத்தியாரா இருந்து விவசாயத்துக்குப் போனவர். பேரத்துக்கு டிகிரி எதுக்குங்க?

கபரோன்வாசி:
வாஸ்தவம். ஆனா பேரம் பேச நாலு பேர் போதும் ரெங்கா, புதுத் தொழிலுக்கு ஆயிரக்கணக்குல ஆள் வேணும். அதுக்குன்னே பாலாப்யேல தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வச்சாங்க. இன்ஜினியர்கள் வர்றாங்க, எடுத்துக்க ஆலைதான் இல்லை. மொத்த ஜனமே 25 லட்சம் சொச்சம். கடற்கரை கிடையாது, கப்பல் ஏத்தணும்னா அடுத்த நாட்டுத் துறைமுகம்.

மாலதி, பட்டதாரி எண்ணிக்கையை மட்டும் போடாதீங்க. அவங்கள்ல எத்தனை பேர் அரசுச் சம்பளம் வாங்குறாங்கன்னு பக்கத்துல ஒரு பத்தி சேருங்க. ஏற்றுமதிக் கணக்கு பாங்க் ஆஃப் போட்ஸ்வானா ஆண்டறிக்கையில இருக்கும்.