செஸ்ட் ரிக்கை வீட்டு மிஷினில் மாற்றித் தைக்க யோசனை வேண்டும்

காரைக்குடியில் இருக்கிறேன். வேட்டங்குடிக்குப் பறவை பார்க்கப் போகும்போது லென்ஸ் வைக்க ராணுவ பாணி செஸ்ட் ரிக் (மார்பில் மாட்டும் பல அறைப் பை) ஒன்று வாங்கினேன். தோட்டா மேகசின் அறைகளில் லென்ஸ் நுழையவே இல்லை. சரி, தடுப்பைப் பிரித்து இரண்டை ஒன்றாக்கி, பக்கத்தில் 25 மி.மீ. நாடாவை 38 மி.மீ.க்கு ஒரு தையலாக மோலி வரிசை (கூடுதல் பைகளைக் கோத்து மாட்டும் நாடா வளையங்கள்) வைக்கலாம் என்று இறங்கினேன்.

துணி 1000 டெனியர் (இழையின் தடிமன் அளவு) நைலான். அப்பத்தாவின் கால்மிதி மிஷினில் 16ஆம் நம்பர் ஊசி இரண்டு மடிப்பு வரை ஓடியது. நாடா சேர்ந்ததும் தையல் விட்டுப்போகிறது, ஓர் ஊசியும் முறிந்தது. (ரவிக்கை தைத்த மிஷினை இப்படிப் படுத்துகிறாயே என்று திட்டு வேறு.)

18ஆம் நம்பர் போதுமா? நைலான் நூலுக்கு டென்ஷனைத் தளர்த்த வேண்டுமா? ஜிக்ஜாக் கிடையாது, பார்டேக்குக்கு (இழுவை விழும் இடத்தில் போடும் நெருக்கமான ஜிக்ஜாக் தையல்) பதில் துணியைத் திருப்பித் திருப்பி நாலைந்து முறை ஓட்டினால் தோள் வார் தாங்குமா? லென்ஸ் கண்மாயில் விழுந்தால் என் கதை முடிந்தது. தைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.