மறு: எல்.இ.டி. டிரைவரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். எல்.இ.டி. விளக்குக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவர் என்ற கருவிக்கு ஒரு சொல் வேண்டும். எதற்கு வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "ஓட்டுநர்" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டு எல்லோரும் தூங்கப் போய்விடுவீர்கள்.

வீட்டுக்குள் விளக்கு வைத்துக் கீரை வளர்க்கிறேன். சென்னையில் இருந்துகொண்டு வெயிலுக்கா பஞ்சம் என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. எங்களுடையது முதல் மாடி, வடக்குப் பார்த்த பால்கனி, பத்தடி தள்ளி அடுத்த அடுக்ககத்தின் சுவர். அங்கே கொத்தமல்லி விதைத்தால் வெளிச்சம் தேடி நூல் மாதிரி நீண்டு, தலை கனத்துச் சாய்ந்துவிடும். அதனால் ஓர் இரும்பு அலமாரி வாங்கி, ஒவ்வொரு தட்டின் அடியிலும் நானே செய்த எல்.இ.டி. விளக்கை மாட்டியிருக்கிறேன். அலுமினியப் பட்டையில் வெள்ளை மணிகள், நடுநடுவே 660 நானோமீட்டர் சிவப்பு மணிகள். மணி என்று நான் சொல்வது, நட்சத்திர வடிவத் தகட்டில் ஒட்டி வரும் ஒற்றை எல்.இ.டி.யை.

பார்த்த நாலைந்து பேர் செய்முறை கேட்டார்கள். தமிழிலேயே எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். தொடரிணைப்பு, பக்க இணைப்பு, மின்தடை, மின்னழுத்தம் எல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கின்றன. வெப்பத்தை வாங்கி வெளியே விடும் பட்டைக்குச் "சூடுவாங்கி" என்று போட்டேன், யாரும் சண்டைக்கு வரவில்லை. டிரைவரில் வந்து பேனா நின்றுவிட்டது.

"டிரைவர்" என்றே எழுதிவிட்டுப் போகலாம்தான். ஆனால் என் முதல் விளக்கு கருகியதற்குப் பாதிக் காரணம் அந்தப் பெயர். அது எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை. ஏதோ ஒரு டப்பா, மின்சாரம் கொடுக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். மின்சாரம் கொடுக்கும் டப்பா வீட்டிலேயே ஒன்று கிடந்தது: பழைய மோடத்தின் 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர். வெள்ளை மணி ஒன்றுக்கு ஏறக்குறைய 3 வோல்ட். நான்கைத் தொடராகக் கோத்தால் 12. கணக்கு அழகாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டேன், எரிந்தது. மீட்டரில் அரை ஆம்பியர் காட்டியது. இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் முக்கால் ஆம்பியர். பட்டையில் கை வைக்க முடியவில்லை. அப்புறம் ஒரு மணி உள்ளுக்குள் ஷார்ட் ஆனது. அதன் பங்கு 3 வோல்ட்டும் மற்ற மூன்றின் தலையில் விழ, வரிசையே போயிற்று.

நடந்தது இதுதான். எல்.இ.டி. சூடேற ஏற, அதற்கு வேண்டிய மின்னழுத்தம், அதாவது வோல்ட், குறையும். ஒரு டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட். அது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். ஆனால் எல்.இ.டி.யில் அழுத்தம் இம்மி கூடினால் மின்னோட்டம், அதாவது ஆம்பியர், மடமடவென்று ஏறும். அடாப்டரோ 12 வோல்ட்டை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓட்டம் சூட்டைக் கூட்ட, சூடு ஓட்டத்தைக் கூட்ட, இருபது நிமிடத்தில் கதை முடிந்தது.

டிரைவர் செய்வது நேர் எதிர் வேலை. "600 மில்லியாம்பியர் என்றால் 600தான், அதற்கு எத்தனை வோல்ட் ஆகிறதோ அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறது. அதனால்தான் அதன் முதுகில் "30–42 வோல்ட், 600 மில்லியாம்பியர்" என்று அழுத்தத்துக்கு ஒரு வீச்சும் ஓட்டத்துக்கு ஒற்றை எண்ணும் அச்சடித்திருக்கும். அடாப்டரில் அழுத்தம்தான் ஒற்றை எண். ஆம்பியர் என்று போட்டிருப்பது "இதற்கு மேல் கேட்காதே" என்ற வரம்பு. இந்த வேறுபாட்டை நான் புரிந்துகொண்டது எட்டு மணிகளைத் தீர்த்த பிறகு.

ஆகவே சும்மா "ஓட்டுகிறது" என்று சொல்லும் சொல் போதாது. ஓட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கிறது என்று பெயரிலேயே தெரிய வேண்டும்.

நான் எழுதி அடித்தவை: ஓட்டுநர், பேருந்தை விட்டு இறங்கி வர மாட்டார். இயக்கி, கணினிக்காரர்கள் அச்சுப்பொறிக்கும் ஒலி அட்டைக்கும் எடுத்துக்கொண்டார்கள். போதாக்குறைக்கு நாகர்கோவில் பக்கம் இயக்கி என்றால் அம்மன். "மாறா மின்னோட்ட வழங்கி", பொருள் சரிதான், சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு வரிசை கருகிவிடும்.

என் முன்மொழிவு: மின்மடை. ஏரியில் எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும் வயலுக்கு அளந்து விடுவது மடை. சின்னச் சொல், நம் சொல். என்ன சொல்கிறீர்கள்?

சென்னையிலிருந்து, கீரைக்காரன்

* * *

> ஏரியில் எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும் வயலுக்கு அளந்து விடுவது மடை.

தம்பிக்கு வணக்கம்.

மின்மடை காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் தப்பு. நீங்கள் மடையைப் படத்தில் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் வயர்மேன், மதுரைப் பக்கம். சொந்த ஊரில் கண்மாய்ப் பாசனம். கண்மாய் நிறைந்து கிடக்கும்போது மடையைத் திறந்தால் தண்ணீர் பாய்கிற வேகம் வேறு. மாசி மாதம் தரை தெரிகிற நேரத்தில் அதே மடை, அதே துளை, தண்ணீர் நூலாக வரும். மேலே நிற்கிற தண்ணீரின் அழுத்தம் மாறினால் பாய்ச்சலும் மாறும். மடை தானாக எதையும் அளக்காது. அளப்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார். எங்கள் பக்கம் நீர்பாய்ச்சி என்போம், சில ஊர்களில் நீர்க்கட்டி என்பார்கள். பாய்ச்சலைப் பார்த்துப் பார்த்து அவர்தான் மடையை ஏற்றி இறக்குவார்.

உங்கள் கணக்கில் வெறும் மடை என்றால் அது ரெசிஸ்டர், நீங்கள் சொல்கிற மின்தடை. கடையில் விற்கிற 12 வோல்ட் பட்டி விளக்கைப் பிரித்துப் பாருங்கள். மூன்று எல்.இ.டி.க்கு ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். கத்தரிக்கோல் படம் போட்ட வெட்டுக் கோடு அந்த மூன்றுக்கு ஒரு முறைதான் வரும். 9 வோல்ட்டை எல்.இ.டி. எடுத்துக்கொள்ளும், மிச்சம் 3 வோல்ட்டை ரெசிஸ்டர் சூடாக்கித் தீர்க்கும். அதற்கு அடாப்டர் போதும். நீங்கள் நான்கு மணி கோத்து ரெசிஸ்டருக்கு இடமே விடவில்லை. அதுதான் உங்கள் தவறு, பெயரின் தவறு இல்லை.

டிரைவர் என்பது நீர்பாய்ச்சி. உள்ளே ஒரு குட்டி ரெசிஸ்டர் இருக்கும், அதன் வழியாக ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கூடினால் குறைக்கும், குறைந்தால் கூட்டும், வினாடிக்குப் பல்லாயிரம் தடவை. அதற்காக மின்நீர்பாய்ச்சி என்று வைத்துவிடாதீர்கள், தண்ணீர் மோட்டார் என்று நினைப்பார்கள். நான் தொழில் பழகிய பெரியவர் எல்.இ.டி. டிரைவரையும் சோக்கு என்றுதான் சொல்வார். நாங்கள் சிரிப்போம். யோசித்தால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது: டியூப் லைட்டில் சோக்கு செய்ததும் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிற வேலைதான்.

செய்முறையில் இரண்டு விஷயம் கட்டாயம் எழுதுங்கள். சொல்லைவிட அது முக்கியம். ஒன்று, மலிவு டிரைவர்களில் பலவற்றில் 230 வோல்ட் பக்கத்துக்கும் எல்.இ.டி. பக்கத்துக்கும் நடுவே பிரிப்பு கிடையாது. 36 வோல்ட்தானே என்று தொட்டால் மெயின் லைன் அடிக்கும். அலுமினியப் பட்டைக்கு எர்த் கொடுக்காமல் கீரைத் தட்டில் தண்ணீர் தெளிக்கக் கூடாது. இரண்டு, மின்சாரம் இருக்கும்போது எல்.இ.டி. வயரைக் கழற்றி மாட்டக் கூடாது. சுமை இல்லாத டிரைவர் அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றி வைத்துக் காத்திருக்கும். மாட்டின நொடியில் மொத்தமும் மணிகள் மேல் பாயும்.

* * *

வணக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பௌதிகம் படிப்பித்து ஓய்வு பெற்றவள்.

மதுரைத் தம்பி எழுதினது ஒரு முழுப் பாடம். மடையை மின்தடைக்கு உவமையாக நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நீர்பாய்ச்சியை எனக்குத் தோன்றவில்லை.

முதலில் ஓர் எச்சரிக்கை. உங்களுக்கு ஒளி உமிழ் டையோடு, எங்களுக்கு ஒளிகாலும் இருவாயி. உங்கள் மின்மாற்றி எங்களுக்கு நிலைமாற்றி. உங்கள் ஒளிச்சேர்க்கை எங்களுக்கு ஒளித்தொகுப்பு. ஒரே கீரைக்கு இரண்டு பாடநூல். புதுச் சொல்லாவது இரண்டு பக்கமும் முட்டாமல் இருக்கட்டும். அதனால் "சீராக்கி" என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது இங்கே ஆடலோட்டத்தை, உங்கள் மாறுதிசை மின்னோட்டத்தை, நேரோட்டமாக்குவது.

"மாறா" என்று தொடங்குவதும் வேண்டாம். தொலைபேசியில் சொல்லிப் பாருங்கோ. மாறா ஓட்டம், மாறு ஓட்டம். சுவரில் வருகிறது மாறுதிசை மின்னோட்டம். ஓர் எழுத்து பிசகினால் பொருள் தலைகீழ்.

ஒற்றைச் சொல்லைத் தேடுவதால்தான் சிக்கல் என்று எனக்குப் படுகிறது. கீரைக்காரத் தம்பி கருக்கினது டிரைவர் என்ற சொல் தெரியாததாலல்ல, அடாப்டரும் டிரைவரும் இரண்டு சாதி என்று தெரியாததால். அப்படியென்றால் இரண்டுக்கும் சேர்த்துப் பெயர் வைக்க வேண்டும், ஒன்றைச் சொன்னால் மற்றது ஞாபகத்துக்கு வருகிற மாதிரி. ஓட்டத்தை நிலையாக வைப்பது நிலையோட்டி. அழுத்தத்தை நிலையாக வைப்பது நிலையழுத்தி. மணிகளைத் தொடராகக் கோத்தால் நிலையோட்டி. ரெசிஸ்டர் வைத்த பட்டி விளக்குக்கு நிலையழுத்தி. பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

* * *

> நிலையோட்டி, நிலையழுத்தி

டீச்சர், மதுரை அண்ணன், இருவருக்கும் நன்றி. மின்மடையை மூழ்கடித்துவிட்டேன். மடையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு நாள் இந்த இணையை வைத்துப் பார்த்தேன். ஒரு நெருடல்: நிலைமின்னியல் என்று ஒன்று இருக்கிறதே, சீப்பால் தலை சீவினால் காகிதம் ஒட்டுமே, அங்கே "நிலை" என்றால் நகராமல் நிற்பது. நிலையோட்டி என்றதும் நின்றுபோன ஓட்டம் என்று எவராவது கேட்டால்? அதற்கு மாற்றாகச் "சீரோட்டி" என்று வைத்து வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "ஜீரோவா? அப்போ அது வேலை செய்யாதா?" என்று மகள் கேட்டாள். அதோடு விட்டேன். நின்ற ஓட்டம் என்று ஒன்று இருக்க முடியாது என்பதால் "நிலையோட்டி"யில் குழப்பம் வராது என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். தவிர, "நிலையான வருமானம்" என்றால் யாரும் வராத வருமானம் என்று எடுத்துக்கொள்வதில்லை.

எனக்கு இதில் பிடித்தது, இரண்டுமே "ஓட்டம்", "அழுத்தம்" என்ற பள்ளிச் சொற்களிலிருந்து நேராக வருவது. கேட்பவருக்குப் புதிதாக ஒன்றும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எல்.இ.டி.யை மட்டும் எல்.இ.டி. என்றே விடுகிறேன். ஒளியுமிழ்வதா ஒளிகாலுவதா என்ற வழக்கைத் தீர்த்துவிட்டுத்தான் கீரை போடுவது என்றால் இந்த ஆண்டு கீரை இல்லை.

செய்முறையில் திருத்திய பத்தி இது. பிழை இருந்தால் சொல்லுங்கள்:

"ஒரு தட்டுக்கு ஒன்பது வெள்ளை மணிகளும் மூன்று சிவப்பு மணிகளும். வெள்ளைக்கு 3 வோல்ட், சிவப்புக்கு 2.2 வோல்ட் என்று வைத்துக் கூட்டினால் 33.6 வோல்ட். எல்லாவற்றையும் ஒரே தொடராகக் கோக்கவும்: ஒரு மணியின் எதிர்முனையிலிருந்து அடுத்ததன் நேர்முனைக்கு. தொடரில் எல்லா மணிகளுக்கும் ஒரே ஓட்டம் என்பதால் வெள்ளைக்கும் சிவப்புக்கும் அழுத்தம் வேறாக இருப்பது இடைஞ்சல் இல்லை. 30–42 வோல்ட், 600 மில்லியாம்பியர் நிலையோட்டி ஒன்றை இணைக்கவும். சுமார் 20 வாட் ஆகும். ஒரு வெள்ளை மணி ஷார்ட் ஆனாலும் 30.6 வோல்ட்டுக்கு இறங்கி, மற்றவை அதே ஓட்டத்தில் எரியும். நிலையழுத்தியை, அதாவது அடாப்டரை, இந்தத் தொடருக்குப் போடக் கூடாது. வாங்கும்போது உள்ளீடும் வெளியீடும் பிரிக்கப்பட்டதா என்று கேட்டு வாங்கவும். பட்டைக்கு எர்த் கொடுக்கவும். எந்த வயரையும் தொடும் முன் பிளக்கைப் பிடுங்கவும்."

கடைசி மூன்று வாக்கியங்களும் மதுரை அண்ணனுடையவை.

* * *

தம்பி,

பத்தி சரியாக இருக்கிறது. மணிகளைப் பட்டையில் ஒட்டும்போது அடியில் வெப்பம் கடத்தும் பசை தடவச் சொல்லுங்கள், விட்டுவிட்டீர்கள்.

இன்றைக்குச் சரக்கு எடுக்கப் போன இடத்தில் சோதித்துப் பார்த்தேன். "600 மில்லியாம்பியர் நிலையோட்டி இரண்டு கொடுங்கள்" என்றேன். கடைக்காரர், "என்னது?" என்றார். மறுபடி சொன்னேன். "டிரைவரா?" ஆமாம் என்றேன். "எத்தனை வாட்?" என்று கேட்டார்.

நான் ஓட்டத்தைச் சொன்னால் அவர் வாட்டைக் கேட்கிறார். அதற்கு ஒரு தனி மடல் போட வேண்டும்.