கையில் அலைபேசியோடு அமர்ந்திருக்கும் அவைக்கு எப்படி உரையாற்றுவது?

கேள்வி: செவிச்செல்வம்

அனைவருக்கும் வணக்கம். இணையவழிப் பண மோசடிகளைப் பற்றி இளைஞர்களுக்கும் நடுவயதினருக்கும் விழிப்புணர்வு உரை நிகழ்த்தி வருகிறேன். பொருள் எல்லோருக்கும் தேவையானது. தயாரிப்பிலும் நான் குறை வைப்பதில்லை. ஆயினும், நாற்பது நிமிட உரையில் முதற்சில நிமிடங்கள் கழிந்ததுமே ஒருவர் பின் ஒருவராகத் தலைகுனிந்து திரையைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதைக் கண்டதும் என் பேச்சு வேகமெடுக்கிறது, குரல் தட்டையாகிறது.

அலைபேசியை எடுத்து வைக்கும்படி அவர்களிடம் கேட்பது முறையா? அடுத்ததாக, உரைகளைப் பதிவுசெய்து அவற்றிலிருந்து ஒரு நிமிடத் துணுக்குகளைச் சமூக ஊடகங்களில் வெளியிடுமாறு அமைப்பாளர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் துணுக்குகளை மனத்தில் வைத்தே உரையை எழுத வேண்டுமா? மேடை அனுபவம் உள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் 1: மேடைமொழி

வணக்கம். அலைபேசியை எடுத்து வைக்கச் சொல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. கட்டளையால் கைகள் ஓய்ந்துவிடும், ஆனால் கவனம் உங்களிடம் வந்து சேர்ந்துவிடாது. கேட்பவர் திரையை நோக்கிப் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கிறது: அடுத்து நீங்கள் சொல்லப்போவது தனக்கு எதற்காக வேண்டும் என்பது அந்தக் கணத்தில் அவருக்கு விளங்கவில்லை. விரலை ஒருமுறை நகர்த்தினால் வேறொன்று வந்துவிடும் என்ற பழக்கம் உள்ளவர்கள், முன்னுரை முடியும்வரை காத்திருப்பதில்லை. ஆகவே விருந்தினர்களை விளித்தல், தலைப்பின் முக்கியத்துவம், உங்களைப் பற்றிய அறிமுகம் ஆகியவற்றைத் தொடக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மேடையேறியதும் மோசடிக்காரர் பேசும் அதே தொனியில், "உங்கள் கணக்கு இன்னும் பத்து நிமிடத்தில் முடக்கப்படும், இப்போது வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று தொடங்கிப் பாருங்கள். இப்படி ஓர் அழைப்பு வந்தவர்கள் அவையில் கட்டாயம் இருப்பார்கள். அவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

நீளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகெங்கும் இணையத்தில் பார்க்கப்படும் டெட் (TED) உரை நிகழ்ச்சிகளின் மேடைகளில் ஓர் உரைக்கு 18 நிமிடமே உச்சவரம்பு. உங்களுக்கு நாற்பது நிமிடம் தரப்பட்டிருந்தாலும் அதைத் தொடர்ச்சியாகப் பேசியே நிரப்ப வேண்டியதில்லை. ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்து, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அவையினர் ஏதேனும் செய்யும்படி அமையுங்கள். ஒரு குறுஞ்செய்தியைத் திரையில் காட்டி, இது உண்மையா போலியா என்று கையுயர்த்தச் சொல்லலாம். அவர்களுடைய அலைபேசியையே எடுத்து, எந்தெந்தச் செயலிகளுக்குத் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி தந்திருக்கிறார்கள் என்று அமைப்புகளில் தேடிப் பார்க்கச் சொல்லலாம். உங்கள் தலைப்புக்கு அந்தக் கருவி இடையூறே அன்று. அதுதான் செய்முறைப் பாடத்துக்கான பொருள்.

துணுக்குகளை மனத்தில் வைத்து எழுதுவதில் தவறில்லை. தனியாக எடுத்தாலும் பொருள் நிற்கும் வாக்கியங்கள் அவைக்கும் நன்மையே செய்யும்.

பதில் 2: நிதானக்குரல்

மேலே உள்ளவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். கடைசிப் பத்தியை மட்டும் ஏற்க இயலவில்லை. துணுக்குக்காக எழுதப்படும் உரையில் ஒவ்வொரு வாக்கியமும் கைதட்டலை எதிர்பார்த்து நிற்கும். ஒன்றிலிருந்து மற்றொன்று கிளைக்கும் தருக்கம் அதில் இராது. மோசடியைப் பற்றிய உரையில் கேட்பவர் புரிந்துகொள்ள வேண்டியது ஒரு தொடர்: அச்சமூட்டுவது, அவசரப்படுத்துவது, யாரிடமும் கலந்துபேச விடாமல் தனிமைப்படுத்துவது, பிறகு பணத்தைப் பறிப்பது. இந்தத் தொடரை முழுதாகக் கேட்டவர், நாளை புதிய வடிவில் ஒரு மோசடி வந்தாலும் அதன் போக்கைக் கண்டுகொள்வார். "ரகசிய எண்ணைப் பகிராதீர்கள்" என்ற துணுக்கை மட்டும் கேட்டவர், எண்ணைக் கேட்காத மோசடியில் சிக்கிக்கொள்வார்.

புதிய ஊடகத்தின் வழியே பொறுமையான விளக்கமும் மக்களைச் சென்றடையும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1933 மார்ச் 12 அன்று, அமெரிக்க வங்கிகள் மூடிக்கிடந்த நெருக்கடியில், அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார். வங்கியில் போட்ட பணம் பெட்டகத்தில் அப்படியே அடுக்கி வைக்கப்படுவதில்லை, அது பலவிதமான கடன்களாகச் சுழல்கிறது என்பதிலிருந்து தொடங்கி, படிப்படியாக, வீட்டில் அமர்ந்து பேசுவதுபோல் விளக்கினார். உரை கால்மணி நேரத்துக்கும் குறைவே. வங்கிகள் திறந்தபோது மக்கள் பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். அந்த உரையைச் சுருக்கமாக்கியது அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே ஒன்றாக இருந்ததுதான். துண்டு துண்டாக நறுக்கியதால் வந்த சுருக்கம் அன்று அது.

இனி உங்கள் குரலைப் பற்றி. வேகம் கூடும்போது முதலில் மறைவது இடைநிறுத்தம். முக்கியமான ஒரு வாக்கியத்தைச் சொன்னபின் இரண்டு மூன்று நொடிகள் எதுவும் பேசாமல் நில்லுங்கள். பேசுபவருக்கு அது நீண்ட நேரமாகத் தோன்றும், கேட்பவருக்குத் தோன்றாது. ஒலி திடீரென நிற்கும்போது திரையில் இருக்கும் கண்கள் தாமாகவே மேடைக்குத் திரும்புவதை நீங்களே காண்பீர்கள். மேடைப்பேச்சைப் பழகுவதற்காக 1924இல் தொடங்கப்பட்ட டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களின் கூட்டங்களில், "வந்து", "அதாவது" போன்ற இட்டுநிரப்பும் சொற்களை எண்ணிச் சொல்வதற்கென்றே ஒருவர் இருப்பார். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், உங்கள் பதிவை நீங்களே ஒருமுறை படத்தைப் பாராமல் ஒலியாக மட்டும் கேளுங்கள். எங்கே அவசரப்படுகிறீர்கள் என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

திரையில் காட்டும் படங்களில் பத்தி பத்தியாக எழுத்தை வைக்காதீர்கள். எழுத்தைக் காட்டினால் வாசிப்பார்கள். வாசிக்கும்போது உங்களைக் கேட்கமாட்டார்கள்.

செவிச்செல்வம்

இருவருக்கும் நன்றி. அனுமதிகளைத் தேடிப் பார்க்கச் சொல்லும் யோசனையை அடுத்த உரையிலேயே சேர்க்கிறேன். துணுக்குகளை அமைப்பாளர்கள் எப்படியும் வெளியிடத்தான் போகிறார்கள். அந்த நிலையில் நான் என்ன செய்யலாம்? மேலும், மேடையேறும் முன் வரும் படபடப்பை அடக்க வழி உண்டா?

பதில் 3: கேட்போர்பக்கம்

வணக்கம். துணுக்கை எங்கே வெட்டுவது என்று முடிவுசெய்யும் உரிமையை நீங்கள் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். உரையை எழுதும்போது அதைப் பற்றிக் கவலைப்படாமல், பேசி முடித்த பிறகு பதிவைப் பார்த்து, கேள்வியும் விடையும் சேர்ந்தே இருக்கும் பகுதியாகத் தேர்ந்தெடுங்கள். மோசடிக்காரரைப் போல் நடித்துக் காட்டும் தொடக்கப் பகுதியை ஒருபோதும் தனியாக வெளியிட வேண்டாம். விளக்கம் நீங்கிய அந்தப் பகுதி எவருடைய கையிலும் கருவியாகலாம். ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் மிகுதி என்பதால் வசனங்களைத் திரையில் எழுத்தாக இடுவது அவசியம். காது கேளாதோருக்கும் அது உதவும்.

ஆனால் சமூக ஊடகத்தின் மெய்யான பயன் உரைக்கு முன்னால்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நிகழ்ச்சிக்குச் சில நாட்களுக்கு முன்பே, அமைப்பாளர்களின் பக்கத்திலோ குழுவிலோ, "உங்களுக்கு வந்த சந்தேகத்துக்குரிய செய்தி எது? பெயரும் எண்ணும் நீக்கிவிட்டு அனுப்புங்கள்" என்று கேளுங்கள். வந்தவற்றிலிருந்து மூன்று நான்கைத் தேர்ந்தெடுத்து, உரையை அவற்றின்மீதே கட்டுங்கள். தன்னுடைய செய்தி மேடையில் அலசப்படுவதைக் கேட்பவர் வேறெங்கும் பார்க்கமாட்டார். ஏமாந்துபோனவர்கள் பலர் எழுந்து நின்று கேள்வி கேட்கக் கூசுவார்கள். அவர்களுக்காகப் பெயர் குறிப்பிடாமல் எழுத்தில் கேள்வி அனுப்பும் வழியையும் திறந்து வையுங்கள். அந்தக் கேள்விகளுக்காகக் கடைசி பத்து நிமிடங்களையாவது ஒதுக்கிவிடுங்கள்.

படபடப்பை அடக்க முயலவே வேண்டாம். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசியதாக மதிப்பிடப்பட்டார்கள். வேகமாகத் துடிக்கும் இதயத்தை அமைதிக்குக் கொண்டுவருவது கடினம். அந்தத் துடிப்பை உற்சாகமென்று எடுத்துக்கொள்வது எளிது. முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் சொல் பிசகாமல் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மீதியைக் குறிப்புகளிலிருந்து உங்கள் இயல்பான மொழியில் பேசுங்கள். பேசும்போது, நிமிர்ந்து உங்களைப் பார்க்கும் முகங்கள் அரங்கில் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடி, இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், பின்வரிசையில் ஒருவர் என்று அவர்களோடு ஒவ்வொரு கருத்தையும் முழுமையாகப் பகிருங்கள். குனிந்திருப்பவர்களை எண்ணிக்கொண்டிருந்தால் வேகம் மறுபடியும் கூடிவிடும்.

பதில் 2: நிதானக்குரல்

துணுக்கைப் பேசிய பிறகு தேர்ந்தெடுப்பது என்ற முறைக்கு எனக்கும் மறுப்பில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: ஒவ்வொரு துணுக்கின் கீழும் முழு உரைக்கான இணைப்பைத் தரும்படி அமைப்பாளர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.