ஏமி வாக்ஸ்: போன பதிவில் தப்புக் கணக்கு போட்டிருந்தேன்

பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஏமி வாக்ஸ் பற்றி முன்பு எழுதியது நினைவிருக்கலாம். ஆசியர்கள் குறைவாகக் குடியேறினால்தான் அமெரிக்காவுக்கு நல்லது என்று 2021 கடைசியில் சொல்லி மாட்டிக்கொண்டவர். 'சீக்கிரமே வேலை போய்விடும்' என்று எழுதியிருந்தேன். போகவில்லை.

வகுப்பில் நடந்துகொண்ட விதம், வெளியே பேசியது இரண்டையும் சேர்த்து வந்த புகார், விசாரணை, மேல்முறையீடு என்று இழுத்து, 2024 செப்டம்பரில்தான் தண்டனை உறுதியானது. ஓராண்டு இடைநீக்கம், அதுவும் பாதிச் சம்பளத்தோடு. ஒருவர் பெயரில் நிறுவப்பட்ட சிறப்புப் பேராசிரியர் என்ற கௌரவம் பறிப்பு, பகிரங்கக் கண்டனம், கோடைக்கால ஊதியமும் இனி கிடையாது. எளிதில் வேலையிலிருந்து நீக்க முடியாத நிரந்தரப் பணி (tenure) அப்படியே இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு எவ்வளவு கெட்டியானது என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது.

2025 ஜனவரியில் அவர் வழக்குப் போட்டார். இது தனியார் பல்கலைக்கழகம்; அரசைக் கட்டுப்படுத்தும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் பேச்சுரிமைத் திருத்தம் இங்கே நேரடியாகச் செல்லாது. அதனால், 'பேசுபவரின் இனம் பார்த்துத் தண்டிக்கிறார்கள்' என்று இனப் பாகுபாட்டுச் சட்டத்தைப் பிடித்தார். ஆகஸ்டில் நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார்.

வாக்ஸின் பேச்சு எனக்கு அருவருப்புதான். நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள்! ஆனால் வகுப்பில் மாணவர்களிடம் எப்படி நடந்தார் என்பது ஒன்று, வெளியே பேட்டியில் என்ன சொன்னார் என்பது வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தண்டித்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. முதலாமாண்டு கட்டாயப் பாடங்களிலிருந்து 2018-லேயே அவரை விலக்கிவிட்டார்கள். அந்த முடிவில் எனக்கு மறுப்பில்லை.